புள்ளி வைக்காத வட்டம்

அத்தியாயம் 9

ரிப்போர்ட் வந்தபோது காலை மணி ஏழரை. சாராள் மகனின் மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். அடுப்பு மேடையில் கிடந்த போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. எடுத்துப் பார்க்கும் முன்பே எங்கிருந்து என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று வாரமாக இதற்குத்தான் காத்திருந்தாள். சென்னை ஆஸ்பத்திரியில் ஏழு வயது எபினேசரைத் தரையில் உட்காரவைத்து, எழச் சொல்லிப் பார்த்துவிட்டு, ரத்தமும் எடுத்து, டுஷேன் தசைச் சிதைவு என்று டாக்டர் நோய்க்குப் பெயர் சொன்னது போன மாதம். பத்துப் பன்னிரண்டு வயதில் நடை நின்றுவிடும், அப்புறம் கைகள், அதற்கும் அப்புறம் மூச்சு என்று அவர் தணிந்த குரலில் சொன்னார். தள்ளிப்போட மாத்திரை உண்டு, நிறுத்த வழியில்லை. கிளம்பும்போது, "அம்மாவோட ரத்தத்தையும் பாத்துடலாம்" என்றார்.

மோசஸ்தான் ஏன் என்று கேட்டான். சாராள் கேட்கவில்லை. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பதினோரு வருடமாக பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறவள் அவள். ஏன் என்பது அவள் நடத்துகிற பாடம்.

போனைத் திறந்தாள். மூன்று பக்கம். கடைசிப் பக்கத்தின் கடைசி வரியை மட்டும் படித்தாள்.

மோசஸ் அப்போதுதான் நைட் ஷிஃப்ட் முடித்து உள்ளே வந்திருந்தான். இரும்புக் கம்பி உருட்டும் ஆலை. சட்டையில் எண்ணெயும் துருவும் கலந்த வாடை. குளிக்கப் போகாமல் சமையல்கட்டு வாசலில் நின்றான்.

"இன்னா, வந்துச்சா?"

"வந்துச்சு."

"இன்னா போட்டுகீது?"

"நான் கேரியர். எங்கிட்டருந்துதான் அவனுக்கு வந்துகீது."

மோசஸ் மூச்சை விட்டுக்கொண்டு, "அப்ப என்னால இல்ல" என்றான்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பத்து வருடம் உலைச் சூட்டில் நின்று நின்றே தன் உடம்பு கெட்டு, அது பிள்ளைக்குப் போய்விட்டதோ என்று ஒரு மாதமாக உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தவன் அவன். அந்தப் பயம் தீர்ந்த வேகத்தில் வாய் தவறி வந்த வார்த்தை. வந்த பிறகுதான் எதிரே நிற்பது யார் என்று அவனுக்குத் தெரிந்தது.

"சாரா, நான் அப்டி சொல்ல வர்ல."

"தெரியும். போய்க் குளிங்க."

கூடத்தில் எபி தரையில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். மாட்டி முடித்ததும் எழுந்தான். முதலில் குப்புறக் கவிழ்ந்து கைகளை ஊன்றினான். பின்பக்கத்தைத் தூக்கினான். ஒரு கையை முழங்காலில் வைத்தான், பிறகு மறு கையை. தன் தொடையையே பிடித்துப் பிடித்து மேலே ஏறி நிமிர்ந்தான்.

"போலாமா மம்மி?" என்றான்.

*

இரண்டாவது பீரியட் பன்னிரண்டாம் வகுப்பு. போன வாரமே குரோமோசோம்களை நடத்தியாயிற்று. இருபத்தோராவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருந்தால் என்ன ஆகும் என்பதோடு நிறுத்தியிருந்தாள். இன்றைக்கு நடத்த வேண்டியது எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் நோய்கள். தள்ளிப்போடலாமா என்று ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து யோசித்தாள். அடுத்த வாரம் தேர்வு. தள்ளிப்போட முடியாது.

நாற்பத்தொரு பேர் எழுந்து குட்மார்னிங் சொல்லி உட்கார்ந்தார்கள். அவள் பலகையில் நிறக்குருடு என்று எழுதினாள்.

"ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். அந்த எக்ஸ் அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் வரும். அது பழுதா இருந்தா ஈடுகட்ட அவன்கிட்ட வேற எக்ஸ் கிடையாது. நோய் வந்துடும். பொண்ணுக்கு ரெண்டு எக்ஸ். ஒண்ணு பழுதானாலும் இன்னொண்ணு சமாளிச்சிக்கும். பெரும்பாலும் அவ நல்லாத்தான் இருப்பா. ஆனா அந்தப் பழுது அவகிட்ட இருக்கும். பிள்ளைக்குக் குடுப்பா. அவளைத்தான் கடத்தின்னு சொல்றோம்."

குரல் சரியாகத்தான் வந்தது. பதினோரு வருடப் பழக்கம்.

கடைசி பெஞ்சில் அன்புராஜ் கையைத் தூக்கினான். "அப்ப எல்லாத்துக்கும் அம்மாங்கதான் காரணமா மிஸ்?"

வகுப்பு சிரித்தது. ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பையன் இதைக் கேட்பான். ஒவ்வொரு வருடமும் அவளும், "ஆமாடா, ஊட்டுக்குப் போய் உங்கம்மாவக் கேளு" என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கேட்டிருப்பார்கள், எந்த வீட்டில் எந்த அம்மா என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"காரணம்னா தப்புப் பண்ணவங்கன்னு அர்த்தம்" என்றாள். "இது தப்பு இல்ல. அவங்களுக்கே தெரியாது."

சிரிப்பு நின்றுவிட்டது. மிஸ்ஸின் முகத்தைப் பார்த்து அன்புராஜ் கையை இறக்கிக்கொண்டான்.

அவள் திரும்பிப் பலகையைப் பார்த்தாள். "ஒரு குடும்பத்தை வரைஞ்சு பாக்கலாம். ஆண்னா சதுரம், பெண்ணுன்னா வட்டம். நோய் இருந்தா முழுசா நிரப்பணும். கடத்தியா இருந்தா வட்டத்துக்கு நடுவுல ஒரு புள்ளி."

மேலே ஒரு வட்டம் போட்டாள், பக்கத்தில் ஒரு சதுரம். இரண்டையும் கோட்டால் சேர்த்துக் கீழே இரண்டு வட்டம் தொங்கவிட்டாள். முதல் வட்டத்துக்கு ஒரு துணை, அதற்குக் கீழே ஒரு சின்னச் சதுரம். சதுரத்தைச் சாக்பீஸை அழுத்தித் தேய்த்து நிரப்பினாள். அதன் அம்மாவுக்குப் புள்ளி வைத்தாள். இரண்டாவது வட்டத்துக்கு ஒரு துணை போட்டாள். கீழே ஒரு கோடு இழுத்து நிறுத்தினாள்.

சாக்பீஸ் அங்கேயே நின்றது. தன் வீட்டையும் தங்கை ஹெலனையும்தான் வரைந்துகொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பின்னால் நாற்பத்தொரு பேனாக்கள் அதையே நோட்டில் வரைந்துகொண்டிருந்தன.

"மிஸ்." முதல் பெஞ்சு பூமிகா. எதையும் பாதியில் விடாத பெண். "ரெண்டாவது பொண்ணுக்குப் புள்ளி வெக்கல."

"அது தெரியாது."

"தெரியாதுன்னா நாங்க எப்படி மிஸ் போடுறது?"

"அவளுக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி."

பூமிகா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அவங்களுக்குக் குழந்தை பொறக்கறதுக்குள்ள கண்டுபுடிக்கணும் இல்ல மிஸ்?"

"ஆமா."

"மேல அந்த அம்மாவுக்கு எங்கருந்து வந்துச்சு? அவங்க கூடப் பொறந்த ஆம்பளைங்க யாருக்காவது இருந்திருக்கணுமா?"

"கட்டாயம் இல்ல. புதுசாவும் வரலாம். ஆனா…" சாராள் நிறுத்தினாள். "இருந்திருக்கலாம்."

மேலே இருந்த வட்டத்துக்கு, அவள் அம்மா மேரிக்கு, ஒரு தம்பி இருந்தார். சின்னதுரை. சாராள் பிறக்கும் முன்பே இறந்துபோனவர். போலியோ என்று வீட்டில் சொல்வார்கள். அதற்குமேல் அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசி அவள் கேட்டதில்லை.

மணி அடித்தது. அவள் தலைமையாசிரியரிடம் மதியம் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

*

ஆரம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. நெடுஞ்சாலையிலிருந்து அம்மா வீட்டுக்கு முக்கால் கிலோமீட்டர் நடை. இரண்டு பக்கமும் சொர்ணவாரிப் பருவத்து நெல் அறுவடைக்கு நின்றது. அந்த வயல்களில் அம்மாவும் அப்பாவும் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். அப்புறம் கம்பெனிகள் வந்தன. அப்பா வாட்ச்மேனாகவும் அம்மா கேன்டீனில் பாத்திரம் கழுவியும் இரண்டு பெண்களைப் படிக்கவைத்தார்கள். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது.

மேரி வீட்டுக்குப் பின்பக்கம் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பெரிய மகளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இன்னாடி இந்த நேரத்துல? இஸ்கூல் இல்லியா?"

"ஹெலன் எங்க?"

"காலைல ரெண்டு தபா வாந்தி. இப்பதான் கண்ண மூடினா. எழுப்பாத."

தங்கை ஹெலனுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டாகியிருந்தது. பதினான்கு வாரம். பொன்னேரியில் மாமியார் வீட்டில் எதுவும் வயிற்றில் தங்காததால் பத்து நாளாக இங்கே இருக்கிறாள். எபிக்கு நோய் என்பது அவளுக்குத் தெரியும். அது எங்கிருந்து வருகிற நோய் என்று தெரியாது.

சாராள் அம்மாவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ம்மா. சின்னதுரை மாமா எப்படிச் செத்தாரு?"

மேரியின் கை மீனோடு நின்றது.

"போலியோ. எத்தினி தபா சொல்றது?"

"அவரு ஆடு மேச்சினு வயக்காடு பூரா ஓடுவாருன்னு நீதான் ஒருக்கா சொன்ன. போலியோ வந்த புள்ள எப்படிம்மா ஓடும்?"

மேரி மீனைத் திருப்பிப் போட்டாள். செதில் ஏற்கெனவே உரித்த பக்கத்தையே மறுபடி உரித்தாள்.

"ஒம்போது வயசு வரிக்கும் ஓடினான்" என்றாள். "கெண்டக்காலு உருண்டு தெரண்டு இருக்கும். ஊரே பயில்வான் காலுன்னு சொல்லும். அப்புறம் வுழுந்து வுழுந்து எழுந்தான். அப்புறம் எழவே இல்ல. அஞ்சு வருஷம் நான்தான் அவன இடுப்புல தூக்கினு போய் வெளிக்கி வெச்சி கழுவி வுட்டேன். பதினாறு வயசுல ஒரு நாளு சளி கட்டிச்சி. ரெண்டே நாளு."

"டாக்டர்கிட்ட காட்டலியா?"

"மெட்ராஸ்ல பெரியாஸ்பத்திரில காட்டினோம். அவன் போறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. எனக்கு அப்ப கல்யாணம் பேசிகினு இருந்தாங்க. எங்கம்மா கேட்டுச்சு, ஐயா, இந்தப் பொண்ணுக்கும் இது வருமான்னு. இது ஆம்பளப் புள்ளைங்களுக்குத்தான் வரும், பொண்ணுங்களுக்கு வராதுன்னாரு. எங்கம்மா அவரு காலத் தொட்டுக் கும்புட்டுச்சு."

"அவ்ளோதான் சொன்னாரா?"

"இங்கிலீஸ்ல இன்னாமோ இன்னும் சொன்னாரு. எங்களுக்கு இன்னா புரியும்? நான் அந்த ஒண்ணத்தான் புடிச்சிக்கினேன். ரெண்டு தபாவும் பொண்ணையே குடு ஆண்டவரேன்னு மண்டி போட்டு ஜெபம் பண்ணேன். குடுத்தாரு. அதோட தொலஞ்சிதுன்னு நெனச்சேன்."

சாராளுக்கு அம்மா மேல் கோபம் வரவில்லை. அந்த டாக்டர் சொன்னது பாதி. மீதிப் பாதியைத்தான் அவள் இன்று காலை பலகையில் எழுதினாள். அதற்கிடையில் முப்பத்தெட்டு வருடம் ஓடிப்போயிருந்தது.

"எபி பொறந்தப்ப உனக்கு பயம் வர்லியா?"

"வர்ல. சத்தியமா வர்ல. நல்லாத்தான இருந்தான்." மேரி கத்தியைக் கீழே வைத்தாள். "அவனுக்கு அஞ்சு வயசு இருக்க சொல்ல, உங்க ஊட்டுக் கூடத்துல ஒக்காந்து ஆடிகினு இருந்தான். பாட்டி தண்ணி குடுன்னு எழுந்தான். எழ சொல்ல முட்டிய புடிச்சான். அப்புறம் தொடைய புடிச்சான். நான் பாத்துகினே இருந்தேன்."

சாராள் மனதுக்குள் வருடங்களை எண்ணினாள்.

இரண்டு வருடம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, அம்மா கும்மிடிப்பூண்டிக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். கூப்பிட்டால் முழங்கால் வலி என்பாள், பஸ் இல்லை என்பாள். மோசஸ்தான் ஏதோ சுருக்கென்று பேசியிருக்க வேண்டும் என்று சாராள் அவனோடு வாரக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறாள். நான் ஒண்ணும் சொல்லல என்று அவன் சொன்னதை அவள் நம்பவே இல்லை.

"அதான் நீ வர்றத நிறுத்தினியா?"

"பாக்க முடில சாரா. என் தம்பியே அங்க ஆடிகினு இருந்தான்."

"ரெண்டு வருஷம்மா. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப? மருந்து கீதா?"

"எபிக்கு இல்ல. ஹெலனுக்கு இருந்துச்சு. நீ அன்னிக்கே சொல்லியிருந்தா, அவ உண்டாவறதுக்கு முன்னாடியே ரத்தம் குடுத்துப் பாத்திருக்கலாம்."

மேரி நிமிர்ந்தாள். அதுவரை அவளுக்கு அது தோன்றவே இல்லை என்பது அந்தக் கண்களில் தெரிந்தது.

"அவளுக்கு இன்னாடி? அவ பொண்ணு. அவளுக்கு ஒண்ணும் வராது."

"நானும் பொண்ணுதாம்மா."

மேரி ஈரக் கையாலேயே மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். செதில்கள் சாராளின் தோலில் ஒட்டின.

"அவகிட்ட சொல்லாத. ஆறு வருஷம் கழிச்சித் தங்கிகீது. அந்த மாமியாக்காரிக்குத் தெரிஞ்சா இவள இங்கயே கொண்டாந்து வுட்டுட்டுப் போயிடுவா. வேணாண்டி. ஆண்டவரு பாத்துக்குவாரு. சொல்லாத."

"அக்கா, எப்ப வந்த?"

வாசற்படியில் ஹெலன் நின்றாள். முகம் வெளிறி, தலை கலைந்து, நைட்டியின் மேல் துண்டு போட்டிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தும் அவள் சிரித்தாள்.

மேரி மணிக்கட்டை விட்டாள். "இப்பதான் வந்தா" என்று அவளே பதில் சொன்னாள்.

*

மீன் குழம்பின் வாடை ஆகாமல் ஹெலன் மோர் சோறு சாப்பிட்டாள். மேரி எதுவும் சாப்பிடவில்லை. சாராள் கிளம்பியபோது, "நானும் ரோடு வரிக்கும் வரேன், காத்தாட இருக்கும்" என்று ஹெலன் செருப்பை மாட்டினாள். மேரி பின்னாலேயே தெருமுனை வரை வந்தாள். அங்கே நின்று சாராளின் முகத்தைப் பார்த்தாள்.

வயலுக்கு நடுவே தார் ரோட்டில் இருவரும் நடந்தார்கள். ஒரு கம்பெனி வேன் மாலை ஷிஃப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது.

"எங்க அத்த என்னைய இப்ப இன்னான்னு கூப்புடுது தெரியுமா? பாப்பான்னு. சிரிப்பா வருது" என்றாள் ஹெலன். "ஆறு வருஷமா என்னைய பேர் சொல்லிக்கூட கூப்புட்டதில்ல. தோ, ஏ, அவ்ளோதான். இப்ப சுடுதண்ணி வெச்சித் தருது. அவரும் ஓவர்டைம் பாக்காம நேரத்துக்கு ஊட்டுக்கு வந்துர்றாரு. அந்த ஊட்ல இப்பதான் அக்கா நானும் ஒரு ஆளு."

சாராள் ஒரு சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரருகே நின்றாள். இன்னும் நூறு அடி நடந்தால் நெடுஞ்சாலை. அங்கே லாரிச் சத்தத்தில் எதையும் பேச முடியாது.

"ஹெலன், இங்க ஒக்காரு."

"ஏன், கால் வலிக்குதா?"

"ஒக்காரேன்."

சொன்னாள். வகுப்பில் சொல்வது போல் வரிசையாகச் சொல்ல வரவில்லை. எபியின் நோயில் ஆரம்பித்து, காலையில் வந்த ரிப்போர்ட்டுக்குப் போய், சின்னதுரை மாமாவுக்குத் திரும்பி, கடைசியில் ஹெலனிடம் வந்து நின்றாள். ஹெலன் துண்டின் நுனியைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தாள்.

"எனக்கு இருக்குதா?" என்று கேட்டாள்.

"தெரியாது. பாதிக்குப் பாதி. ரத்தம் குடுத்தா மூணு வாரத்துல சொல்லிடுவாங்க. உனக்கு இல்லன்னா அதோட முடிஞ்சிது, நிம்மதியா இருக்கலாம்."

"இருந்தா?"

"இருந்தா வயித்துல ஊசி போட்டுக் புள்ளைய சுத்தி இருக்கற தண்ணில கொஞ்சம் எடுத்துப் பாக்கணும். அதுக்கு இன்னும் ரெண்டு வாரம். அதான் நாள் தள்ளக் கூடாதுன்னு ஓடி வந்தேன்."

"அஞ்சு வாரம்." ஹெலன் விரல் விட்டுப் பார்த்தாள். "அதுக்குள்ள அது வயித்துல உதைக்க ஆரம்பிச்சிடும்."

சாராள் தங்கையின் தோளில் கை வைத்தாள். ஹெலன் நகர்ந்துகொண்டாள்.

"அவன மாதிரி ஒண்ணு எனக்கு வேணாம் அக்கா."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். எபியைப் பிறந்த நாள் முதல் தூக்கி வளர்த்தவள் அவள்தான். பிரசவ லீவு முடிந்து சாராள் வேலைக்குத் திரும்பிய முதல் வருடம் முழுக்க அவன் உறங்கியது இந்தச் சித்தியின் மடியில்.

"நான் அத சொல்ல வர்லக்கா…"

"பரவால்ல" என்றாள் சாராள். ஒரே நாளில் இது இரண்டாவது தடவை. மனதில் உள்ளதை வாய் தவறிச் சொல்லிவிட்டு இல்லை என்கிறார்கள். அவர்கள் மேல் தப்பும் இல்லை. மகனுக்கு இப்படி ஒரு வாழ்க்கை வேண்டும் என்று அவளுமா கேட்டாள்? ஆனால் அந்த மகன் இந்நேரம் பள்ளிக்கூட வாசலில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவளுக்காகப் பார்த்துக்கொண்டிருப்பான். இல்லை, இன்றைக்கு மோசஸ் போவான். அவள் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். அது நினைவுக்கு வரவே கொஞ்ச நேரம் ஆனது.

"பொண்ணா இருந்தா?" ஹெலன் திடீரென்று கேட்டாள்.

"பொண்ணுக்கு நோய் வராது. ஆனா ஹெலன்…"

"வராதில்ல?"

"அவளுக்கும் பாதிக்குப் பாதி இருக்கும். நாளைக்கு அவளுக்கு ஒரு புள்ள பொறக்க சொல்ல…"

"அது அப்ப. இருவது இருவத்தஞ்சு வருஷம் கழிச்சி. அதுக்குள்ள மருந்து வந்துடும்." ஹெலன் எழுந்து நின்றாள். முகத்தில் வெளிறல் போய் ஒரு வேகம் வந்திருந்தது. "எங்க தெருவுல ஒரு பொண்ணு போய்ட்டு வந்துது. ஆந்திரா பார்டர் தாண்டி ஒரு எடம். ஒரு ஊட்லயே ஸ்கேன் மிஷின் வெச்சிகினு பாத்து சொல்றாங்களாம். ஆணா பொண்ணான்னு. அன்னிக்கே."

"அது சட்டப்படி தப்புடி. தெரிஞ்சா உள்ள தள்ளுவாங்க. தப்பாவும் சொல்லுவாங்க, நம்ப முடியாது."

"உன் சட்டம் அஞ்சு வாரம் உக்காந்து அழுதுகினு இருன்னு சொல்லுது. இது நாளைக்கே தெரிஞ்சிடும்."

"சரி, தெரியுது. பையன்னு சொல்லிட்டா? அப்ப இன்னா பண்ணுவ? அவனுக்கு ஒண்ணுமே இல்லாமயும் இருக்கலாம் ஹெலன். உனக்கே இல்லாமயும் இருக்கலாம். ஒண்ணும் தெரியாம நல்ல புள்ளைய…"

ஹெலன் நெடுஞ்சாலைப் பக்கம் பார்த்தாள். அங்கே கும்மிடிப்பூண்டி பஸ் வேகம் குறைத்துத் திரும்பிக்கொண்டிருந்தது.

"உன் பஸ்ஸு" என்றாள். "நான் நாளைக்குக் காலைல போறேன். நீ கூட வந்தா வா. இல்லன்னா தனியா போய்க்கிறேன்."

"ஹெலன்."

"தனியாப் போனா அவங்க இன்னா சொல்றாங்களோ அத நம்பிகினு வருவேன். எனக்கு இன்னா தெரியும்? நீதான படிச்சவ."

பஸ் ஹாரன் அடித்தது. சாராள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பிடிவாதம் பிடித்தால் அது அப்பாவின் முகம். போகாதே என்று சொன்னால் போவாள், அதுவும் யாருக்கும் சொல்லாமல் போவாள்.

"வரேன்" என்றாள் சாராள்.

தடுக்கப் போகிறாளா, துணைக்குப் போகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. வழியில் எப்படியாவது பேசி, ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குத் திருப்பிவிடலாம் என்று பஸ்ஸில் ஏறியதும் ஓர் எண்ணம் வந்தது. கவரைப்பேட்டையா, சென்னையா, எந்த இடம், எத்தனை மணிக்கு என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். கும்மிடிப்பூண்டி வருவதற்குள் அந்த எண்ணத்தில் அவளுக்கே நம்பிக்கை போய்விட்டது.

*

வீட்டுக்குள் நுழைந்தபோது மோசஸ் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். எபிக்கு அவனே தோசை சுட்டுக் கொடுத்திருந்தான். ஒன்று கருகி, ஒன்று பிய்ந்து. எபி நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தரையில் உட்கார வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டாராம்.

"காலைல நான் சொன்னது…" என்று மோசஸ் ஆரம்பித்தான். பகல் முழுக்க அவன் தூங்கவில்லை என்பது கண்களில் தெரிந்தது.

"வுடுங்க."

"இல்ல சாரா. யார்ட்டருந்து வந்தா இன்னா? அவன் நம்ப ரெண்டு பேருக்கும்தான் புள்ள. இத நான் காலையிலயே சொல்லியிருக்கணும்."

இதைக் கேட்டால் அழுகை வரும் என்றுதான் அவள் நினைத்தாள். வரவில்லை. கைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். ஹெலன்.

*எட்டு மணிக்கு ஆரம்பாக்கம் ஸ்டேஷன். அம்மாக்கு சொல்லாத. எங்க ஊட்டுக்கும் மோசஸ் மாமாக்கும் யாருக்கும் தெரிய வேணாம்.*

சரி என்று அனுப்பினாள். தலைமையாசிரியருக்கு நாளைக்கு லீவு என்று ஒரு வரி தட்டினாள்.

மோசஸ் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "அத்த ஊட்டுக்கா போய்ட்டு வந்த? இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்ல. ஹெலன பாத்துட்டு வந்தேன்."

"நல்லா கீதா?"

"வாந்திதான். வேற ஒண்ணும் இல்ல."

"நாளைக்கு எபிய நீதான இஸ்கூலுக்குக் கூட்டினு போற?"

"நீங்க ஷிஃப்டு முடிஞ்சி வந்ததும் கூட்டினு போயிடுங்க. நான் சீக்கிரம் கெளம்பணும்."

"ஏன், இன்னா வேல?"

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் சாராள் அவனோடு எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறாள். எதையும் மறைத்ததில்லை.

"ஸ்கூல் வேல" என்றாள்.

மோசஸ் தலையை ஆட்டினான். அவன் நம்பிவிட்டான். மகனின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.